கணுக்காலுக்கு மேல் பனி: 28 கி.மீ. பயிற்சி ஓட்டம் 18 கி.மீ.யில் நின்றது

வெண்தடம் (கேள்வி)

அன்பர்களுக்கு வணக்கம். வசந்த காலத்தில் நடக்கவிருக்கும் ஒரு மாரத்தானுக்காக 16 வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றைப் பின்பற்றி வருகிறேன். இப்போது பத்தாவது வாரம். இந்த வார இறுதியில் 28 கி.மீ. நீள் ஓட்டம் ஓட வேண்டியிருந்தது. உலர்ந்த தரையில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற நிதானமான வேகத்தில் ஓடினால் 2 மணி 50 நிமிடத்துக்குள் முடிந்துவிடக்கூடிய ஓட்டம் அது. ஆனால் முந்தைய இரவு முழுவதும் பனி கொட்டியதால், நான் வழக்கமாக ஓடும் ஆற்றங்கரைப் பாதையில் காலையில் 25 செ.மீ. அளவுக்குப் புதுப்பனி கிடந்தது. வெப்பநிலை மைனஸ் 8 டிகிரி. புறப்படும்போது காற்றே இல்லை.

முதல் ஐந்து கிலோமீட்டரை 7 நிமிட வேகத்திலாவது ஓடிவிட வேண்டும் என்று வீம்பாக முயன்றேன். மூச்சு வாங்கியது, தடித்த மேலங்கிக்குள் வியர்வை ஊறியது. பத்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு வேகம் தானாகவே விழுந்தது. பாட்டிலின் வாய் உறைந்துவிட்டதால் தண்ணீரும் குடிக்க முடியவில்லை. பதினைந்தாவது கிலோமீட்டரில் எதிர்க்காற்று தொடங்கியது. அதன்பின் பெரும்பாலும் நடந்தேதான் வந்தேன். வீட்டு வாசலை அடைந்தபோது கடிகாரம் 18 கி.மீ., 2 மணி 50 நிமிடம் என்று காட்டியது. சாவி கையில் இருந்தும் அதைப் பூட்டுக்குள் நுழைக்க விரல்களால் முடியவில்லை. பக்கத்து வீட்டார்தான் திறந்துவிட்டார். உள்ளே வந்து முக்கால் மணி நேரம் ஆகியும் நடுக்கம் நிற்கவில்லை.

நான் கேட்க விரும்புவது இரண்டு. குறைந்துபோன 10 கி.மீ. தூரத்தை வாரத்தின் நடுவில் ஓடி ஈடுகட்ட வேண்டுமா? மைனஸ் 8 என்பது அப்படியொன்றும் கடுங்குளிர் அல்லவே, நல்ல கனமான உடை அணிந்திருந்தும் ஏன் இப்படி ஆனது? இனி வரும் வாரங்களிலும் பனி இருக்கும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுவழி

வணக்கம் நண்பரே. முதலில் அந்தப் பத்து கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். நீங்கள் ஓட வேண்டியிருந்த நேரம் 2 மணி 50 நிமிடம்; ஓடியதும் 2 மணி 50 நிமிடம். இதயத்துக்கும் தசைகளுக்கும் கிலோமீட்டர்க் கணக்கு தெரியாது. எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமையாக உழைத்தோம் என்பதுதான் அவற்றுக்குத் தெரியும். அந்தக் கணக்கில் நீங்கள் திட்டத்தைவிடக் கூடுதலாகவே உழைத்திருக்கிறீர்கள். வாரத்தின் நடுவில் இன்னொரு 10 கி.மீ. சேர்த்தால் அது ஈடு ஆகாது, கடன்மேல் கடன்தான் ஆகும்.

எவ்வளவு கூடுதல் என்று கேட்டால், நடையைப் பற்றிய ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் பனியில் நடப்பதற்கு ஆகும் ஆற்றலை அளந்து 1976இல் வெளியிட்டார்கள். கால் 15 செ.மீ. புதையும் தளர்பனியில், உடலை நகர்த்துவதற்குச் செலவாகும் ஆற்றல் கெட்டித் தரையில் ஆவதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு, 25 செ.மீ. புதைந்தால் மூன்று மடங்குக்கும் மேல். இது நடையின் கணக்கு என்பதால் ஓட்டத்துக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனால் போக்கு புரியும். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்கள் அளந்தது பனியின் ஆழத்தை அல்ல, கால் புதையும் ஆழத்தை. அரை மீட்டர் பனி கிடந்தாலும் பலர் மிதித்து இறுகிய தடத்தில் ஓடுவது எளிது; இருபது செ.மீ. புதுப்பனி அதைவிடக் கடினம். எல்லாவற்றையும்விட மோசமானது, மேலே மெல்லிய ஓடுபோல உறைந்து, கால் வைத்ததும் உடைந்து உள்ளே இறங்கும் பனி. அது ஒவ்வொரு அடியிலும் தாங்குமா தாங்காதா என்று ஏமாற்றுவதோடு, முன்கால் எலும்பையும் சிராய்த்துவிடும்.

ஆகவே புதுப்பனியில் கடிகாரத்தின் வேகக் காட்சியை அணைத்துவிடுங்கள். நான் ஓடிய நேரத்தை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்வேன். முழு வாக்கியம் ஒன்றை மூச்சு முட்டாமல் சொல்ல முடிகிறதா என்பதே என் அளவுகோல்; முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் நடப்பேன். நீங்கள் முதல் ஐந்து கிலோமீட்டரை 7 நிமிட வேகத்தில் ஓட முயன்றது, உலர்ந்த சாலையில் பந்தய வேகத்தைவிட வேகமாக ஓடியதற்குச் சமமாக இருந்திருக்கலாம். பிற்பாதியில் பட்ட பாடெல்லாம் அங்கேதான் தொடங்கியது என்பது என் எண்ணம்.

அடியைக் குறுக்குங்கள். பாதம் உடலுக்கு நேர் கீழே இறங்கட்டும். நீட்டி வைத்தால் வழுக்கும். முழங்காலைச் சற்று உயர்த்தி, காலைப் பனியிலிருந்து நேராக மேலே எடுக்க வேண்டும். இழுத்துக்கொண்டு ஓடினால் அரை மணியில் தொடையின் முன்புறம் செத்துவிடும். யாரேனும் முன்னே நடந்த தடமோ வண்டிச் சக்கரத் தடமோ இருந்தால் தன்மானம் பார்க்காமல் அதில் ஓடுங்கள். தெரியாத பாதையில் ஓடவே வேண்டாம், ஏனென்றால் பனி பள்ளத்தையும் மூடும், குளத்தையும் மூடும்.

ஹெல்சிங்கியில் 1952இல் 5000 மீட்டர், 10000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் ஜாடோபெக், கனத்த ராணுவக் காலணிகளோடு பனியில் பயிற்சி செய்தவர் என்பது ஓட்டக்காரர்களுக்குத் தெரிந்த செய்தி. அதைக் கேட்டு நானும் இளமையில் கனத்த காலணியோடு ஒருமுறை கிளம்பினேன். கிடைத்தது குதிகால் கொப்புளம் மட்டுமே.

உள்ளனல்

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். நீங்கள் கனமான உடை "அணிந்திருந்தும்" ஏன் குளிர்ந்தது என்று கேட்கிறீர்கள். கனமான உடை அணிந்திருந்ததால்தான் குளிர்ந்தது என்பதே என் கருத்து.

ஓடும்போது தசைகள் எரிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்கும் மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஆழ்பனியில் உழைப்பு கூடுவதால் வெப்பமும் கூடும். அதே சமயம் வேகம் குறைவதால், உலர்ந்த சாலையில் ஓடும்போது முகத்திலும் மார்பிலும் படுகிற காற்று இங்கே படுவதில்லை. முதல் ஒரு மணி நேரம் நீங்கள் ஒரு வெந்நீர்ப் பானையை மூடிபோட்டு வைத்ததுபோல இருந்திருக்கிறீர்கள். வியர்வை உள்ளுடையில் ஊறியது. பிறகு களைத்து நடக்கத் தொடங்கியபோது உலையில் நெருப்பு பாதியாகத் தணிந்துவிட்டது. ஈரம் மட்டும் அப்படியே இருந்தது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அந்த நேரம் பார்த்து எதிர்க்காற்றும் வந்தது. காற்றில்லாமல் மைனஸ் 10 டிகிரி இருப்பது தாங்கக்கூடியதே. அதே வெப்பநிலையில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 போல உறைக்கும். இந்த அளவு மைனஸ் 27ஐ நெருங்கினால், மூடப்படாத தோலில் ஃபிராஸ்ட்பைட் எனப்படும் உறைபனிக் காயம் அரை மணி நேரத்தில் ஏற்படலாம். முன்னறிவிப்பைப் பார்க்கும்போது வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாது என்பது இதனால்தான்.

சாவியை நுழைக்க முடியாமல் போனதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதை ஹைப்போதெர்மியா என்கிறோம். நீங்கள் அந்த எல்லையைத் தொட்டீர்களா என்று இங்கிருந்து யாராலும் சொல்ல இயலாது. ஆனால் அடக்க முடியாத நடுக்கம், விரல்கள் சொன்னபடி கேளாமை, நாக்குக் குழறல், கால் தடுமாற்றம் ஆகியவை அந்த வழியில் வரும் அடையாளங்கள். இவற்றில் முதல் இரண்டும் உங்களுக்கு வந்திருக்கின்றன. தனியாக ஓடுகிறவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: அந்த நிலையில் அறிவும் மந்தப்படுவதால், "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று தோன்றும். விரல் மரத்து, பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியாமல் போன கணமே ஓட்டம் முடிந்தது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடையைப் பொறுத்தவரை, புறப்பட்ட முதல் பத்து நிமிடம் கொஞ்சம் குளிர வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் ஓர் உடை அதிகம் என்று பொருள். வெளியே இருப்பதைவிடப் பத்து டிகிரி கூடுதல் என்று எண்ணிக்கொண்டு உடுத்துவது ஓட்டக்காரர்களின் வழக்கம். ஆழ்பனியில் அந்தக் கணக்கு மிகவும் பொருந்தும். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது வியர்வையை வெளியே கடத்தும் செயற்கை இழை இருக்கட்டும். பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. அதன்மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலங்கி, கழுத்திலிருந்து இறங்கும் ஜிப்போடு. ஏற்றத்தில் திறப்பதும் காற்றில் மூடுவதும் சலிப்பான வேலைதான், ஆனாலும் வியர்ப்பதற்கு முன்பே திறந்துவிட வேண்டும். முதுகுப் பையில் நீர்புகா உறைக்குள் உலர்ந்த மேலுடை ஒன்றும், பெருவிரல் தவிர மற்ற நான்கு விரலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறை ஒரு சோடியும் கட்டாயம் இருக்க வேண்டும். விரல் பிரிந்த கையுறையைவிட அது எவ்வளவோ மேல்.

கூச்சத்தால் பலர் பேசாத ஒன்றையும் ஆண்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். குளிர்காற்றில் மெல்லிய கால்சட்டையோடு ஓடி, ஆணுறுப்பில் உறைபனிக் காயத்தின் தொடக்கத்தை அனுபவித்த மருத்துவர் ஒருவர், அதை 1977இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழுக்குக் கடிதமாகவே எழுதினார். சிரிப்பு வரும், அவருக்கு வந்திருக்காது. முன்புறம் காற்றுப் புகாத உள்ளாடை கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

கன்னமோ காதுமடலோ வெளுத்து மரத்துப்போனால் உள்ளங்கையை வைத்து மூடிச் சூடாக்கலாம். பனியை வைத்துத் தேய்ப்பது பழைய தவறு, தோல் கிழியும். தோல் கெட்டியாகிவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். நுரையீரல் உறைந்துவிடும் என்ற அச்சம் மட்டும் தேவையில்லை. காற்று உள்ளே போவதற்குள் மூக்கும் தொண்டையும் அதைச் சூடாக்கிவிடுகின்றன. ஆனால் குளிர்ந்த காற்று மிகவும் வறண்டது. அது மூச்சுக்குழாயை உலர்த்துவதால் சிலருக்கு இருமலும் இழுப்பும் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடி ஓடுவதும், மருந்தைப் பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்வதும் நல்லது.

சமதளம்

மேலே இருவரும் சொன்னவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: இந்த ஓட்டத்தை ஆழ்பனியில்தான் ஓட வேண்டுமா?

மாரத்தான் என்பது 42.195 கி.மீ. தூரம் கெட்டியான தரையில், ஒரே சீரான அடியில் ஓடுவது. தரையின் அதிர்ச்சியை மூன்று நான்கு மணி நேரம் தாங்குவதற்குக் கால்களைப் பழக்குவது நீள் ஓட்டத்தின் முக்கியமான பயன்களில் ஒன்று. பனி அந்த அதிர்ச்சியை விழுங்கிவிடுகிறது. மூச்சும் இதயமும் பயிற்சி பெறும், உண்மைதான். ஆனால் கால்கள் பந்தயத்தன்று சந்திக்கப்போவதைப் பழகுவதில்லை. அதற்குப் பதிலாக வேறு தசைகள் அடிபடுகின்றன: காலைத் தூக்கித் தூக்கி இடுப்பின் முன்புறமும், வழுக்காமல் இருக்க இறுக்கிப் பிடித்துத் தொடையின் உட்புறமும், குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிநாணும். இவற்றில் ஏதேனும் ஒன்று சுளுக்கிக்கொண்டால் மீதமுள்ள ஆறு வாரத்தில் பாதி போய்விடும்.

பனியில் ஓடுவதில் ஒரு மகிழ்ச்சி உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அந்த நிசப்தத்துக்காக நானே போவேன். எனினும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றே கால் மணி நேரம் பனியில் ஓடிவிட்டு, உடை மாற்றிக்கொண்டு, மீதியைப் பனி அகற்றப்பட்ட சாலையிலோ டிரெட்மில்லிலோ ஓடுவதே மாரத்தானுக்குப் பயிலும் ஒருவருக்கு நான் பரிந்துரைப்பது. சாலையில் ஓடினால், ஒதுக்கிக் குவித்த பனியால் பாதை குறுகியிருக்கும் என்பதையும், வண்டி பிரேக் பிடித்தாலும் உடனே நிற்காது என்பதையும் மறவாமல், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓட வேண்டும். இறுகிய பனிக்கும் கண்ணாடிபோன்ற உறைபனிக்கும் காலணியில் மாட்டும் இரும்பு முட்கள் உதவும். ஆழமான புதுப்பனியில் அவற்றால் பயனில்லை, பனி உருண்டையாக ஒட்டிக்கொள்ளும்.

வெண்தடம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஈடுகட்டும் எண்ணத்தைக் கைவிட்டேன். "மூடிபோட்ட பானை" என்ற விளக்கம் எனக்கு மிகவும் பொருந்துகிறது. வீட்டுக்கு வந்து கழற்றியபோது உள்ளுடையைப் பிழியலாம் போலிருந்தது, அதுவும் பருத்தி. சமதளம் ஐயா சொன்னதும் சரியாகவே தோன்றுகிறது, ஏனெனில் இடது தொடையின் உட்புறத்தில் இரண்டு நாட்களாக ஒரு பிடிப்பு இருக்கிறது, படியேறும்போது தெரிகிறது.

இன்னும் சில ஐயங்கள். தண்ணீர் உறையாமல் எப்படிக் கொண்டுபோவது? அன்று வேறு வழியில்லாமல் பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன், அது தவறா? நான் ஓடிய பாதை ஒன்பது கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்புவது. அதை மாற்ற வேண்டுமா? உணவாக எடுத்துக்கொண்டது பாதியில் ஒரே ஒரு ஜெல் (ஓட்டக்காரர்கள் வழியில் விழுங்கும் சர்க்கரைக் கூழ்).

உள்ளனல்

ஒரு ஜெல் போதாது. ரத்தத்தில் சர்க்கரை குறையும்போது நடுங்கி வெப்பம் உண்டாக்கும் திறனும் குறைகிறது. எனவே குளிரில் சாப்பிடுவது கால்களுக்காக மட்டுமல்ல. அரை மணிக்கு ஒருமுறை எதையாவது விழுங்குங்கள். ஜெல்லையும் கைபேசியையும் உடலை ஒட்டிய பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பையில் ஜெல் பசையாக இறுகிவிடும், கைபேசியின் மின்கலம் குளிரில் திடீரென்று அணைந்துவிடும்.

பனியைத் தின்பது பற்றி: ஒரு கிலோ பனியை உருக்க மட்டும் ஏறக்குறைய 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும், உருகிய நீரை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர மேலும் 37. ஒரு கைப்பிடியால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஏற்கெனவே குளிர்ந்துகொண்டிருக்கும் உடலிடம் அந்த வெப்பத்தைக் கேட்பது, வறியவனிடம் வரி கேட்பது போன்றது. தண்ணீரை வெந்நீராகவே ஊற்றி, பாட்டிலை மேலங்கிக்கு உள்ளே, தலைகீழாக வையுங்கள். நீர் மேற்பரப்பிலிருந்துதான் உறையத் தொடங்கும் என்பதால், தலைகீழாக இருக்கும் பாட்டிலின் வாய் கடைசிவரை திறந்திருக்கும். உறிஞ்சுகுழாய் உள்ள பை என்றால் ஒவ்வொரு முறை குடித்த பிறகும் குழாயில் மிஞ்சிய நீரை ஊதி உள்ளே தள்ளிவிட வேண்டும். குளிரில் தாகம் தெரியாது; ஆனால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்ளே சேர்வதால் சிறுநீர் அதிகமாகவே பிரியும். ஆகவே தாகத்தை நம்பாமல் நேரத்தைப் பார்த்துக் குடியுங்கள்.

வெயில் நாளானால் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். புதுப்பனி புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பக்கூடியது, மோவாயின் அடிப்பகுதிகூடக் கறுக்கும்.

நெடுவழி

பாதையை அவசியம் மாற்றுங்கள். போய்த் திரும்பும் வழியில், களைத்த நேரத்தில் வீட்டிலிருந்து மிகத் தொலைவில் இருப்பீர்கள். மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர்ச் சுற்று ஒன்றை வாசலைத் தொட்டுச் செல்லுமாறு வகுத்துக்கொண்டால், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வெந்நீர் குடிக்கலாம், கையுறை மாற்றலாம், வேண்டாம் என்று தோன்றினால் உள்ளே போய்விடலாம். இன்னொரு நன்மையும் உண்டு: முதல் சுற்றில் நீங்களே உழுத தடம் இரண்டாம் சுற்றில் பாதையாகிவிடும். நான்காவது சுற்றில் அதே பனி ஏறக்குறைய ஓடக்கூடியதாக இருக்கும்.

நேர்வழியில்தான் போக வேண்டும் என்றால், எதிர்க்காற்றில் தொடங்கிப் பின்காற்றில் திரும்புங்கள். உலர்ந்த உடம்போடு காற்றை எதிர்கொள்வது ஒன்று, நனைந்த உடம்போடு எதிர்கொள்வது வேறொன்று; அன்று உங்களுக்கு அது தலைகீழாக நடந்துவிட்டது.

மைனஸ் 8ஐக் கண்டு இனி அஞ்ச வேண்டாம். நான் அஞ்சுவது சுழியத்தை ஒட்டிய நாட்களைத்தான். அப்போது விழும் பனி தோளில் பட்டதும் உருகுகிறது, தரையில் கிடப்பது சேறாகிக் காலணிக்குள் இறங்குகிறது. மைனஸ் பத்தில் பனி மாவுபோல உலர்ந்திருப்பதால் தட்டிவிட்டால் போய்விடும். சுழியத்துக்கு மேல் தோல் உறையாது என்பது உண்மை, ஆனால் நனைந்தவன் நடுங்குவதற்கு உறைநிலை தேவையில்லை. மழையும் பனியும் கலந்து விழும் நாளில் நான் நீள் ஓட்டத்தை மறுநாளுக்குத் தள்ளிவிடுவேன்.

சமதளம்

தொடையின் உட்புறப் பிடிப்பைப் பற்றிச் சொன்னீர்கள். படியேறும்போது தெரிகிறது என்றால் இந்த வாரம் பனியில் கால் வைக்காதீர்கள். மூன்று நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு, வலியில்லாத அளவுக்குச் சமதரையில் நடந்து பாருங்கள். பிறகு மல்லாந்து படுத்து, இரு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு தலையணையை வைத்து மெதுவாக அழுத்துங்கள். வலிக்காமல் அழுத்த முடிந்தால் தரையில் அரை மணி நேரம் ஓடலாம். வலித்தால், அல்லது வாரம் கடந்தும் பிடிப்பு அப்படியே இருந்தால், இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். பதினோராவது வாரத்து நீள் ஓட்டம் போனால் போகட்டும்.

வெண்தடம்

அப்படியே செய்கிறேன். இன்று காலை தலையணையை அழுத்திப் பார்த்தேன், வலித்தது. காலணியைத் தூக்கி உள்ளறையில் வைத்துவிட்டேன்.